ப்ளூடூத்தில் பேசிக்கொண்டே கார் ஓட்டினால் கவனம் சிதறுமா? பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதும் அதுவும் ஒன்றுதானா?

இதைக் கேட்டவர் தன் கணவருக்காகக் கேட்டிருக்கிறார். கணவர் தினமும் ஈரோட்டிலிருந்து கோவைக்குக் காரில் போய் வருகிறார். போகும்போதும் வரும்போதும் பாதி வழி போன் பேச்சுதான். ஆனால் போனைக் கையில் எடுப்பதே இல்லை, எல்லாம் கார் ஸ்பீக்கரில். சொன்னால், "கை ஸ்டீயரிங்ல இருக்கு, கண்ணு ரோட்ல இருக்கு. நீ பக்கத்துல உட்கார்ந்து பேசினா நான் ஓட்டலையா? அது மாதிரிதான் இது" என்கிறாராம். அவர் சொல்வது சரியா, அல்லது தான்தான் வீணாகப் பயப்படுகிறேனா என்று கேட்டிருக்கிறார்.

கேள்வி ப்ளூடூத்தைப் பற்றியது போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது வேறு. போன் பேசும்போது வண்டி ஓட்டுவதற்குத் தொந்தரவாக இருப்பது போனைப் பிடித்திருக்கும் கையா, பேச்சேவா? பேச்சுதான் என்றால், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசுகிறவரை மட்டும் ஏன் விட்டுவிடுகிறோம்? உங்கள் கணவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் "பேசாதீங்க, ஆபத்து" என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்: கை சும்மா இருந்தாலும் பேச்சு கவனத்தைத் தின்கிறது. பக்கத்தில் இருப்பவர் பேச்சும் தின்னத்தான் செய்கிறது. ஆனால் அவர் எடுத்துக்கொண்டதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார், போனில் இருப்பவரால் அது முடியாது. எப்படி என்று கீழே விளக்குகிறேன்.

நான் நாமக்கல் பக்கம் 14 வருஷம் லாரி ஓட்டினேன். அதன்பின் 12 வருஷமாக லாரி, கம்பெனி பஸ் டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். டாக்டரோ மனோதத்துவ நிபுணரோ இல்லை. பயிற்சியாளரான பிறகு இந்த விஷயத்தில் வந்த ஆராய்ச்சிகளைத் தேடித் தேடிப் படித்தேன். காரணம், லாரி ஓட்டிய காலத்தில் எனக்கே நடந்த ஒன்று.

முட்டை லோடு ஏற்றிக்கொண்டு கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன். பெருந்துறை தாண்டியதும் ஓனர் கூப்பிட்டார். காதில் ஒயர் ஹெட்செட், இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். போன ட்ரிப் டீசல் கணக்கு இடிக்கிறது என்றார். எந்த பங்கில் எவ்வளவு அடித்தேன் என்று நினைவுபடுத்திச் சொல்லிக்கொண்டே போகிறேன். கண் ரோட்டில்தான், சத்தியமாகச் சொல்கிறேன், ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கிளீனர் பையன் டாஷ்போர்டைத் தட்டி "அண்ணே, ஆளு! ஆளு!" என்று கத்தினான். இரண்டு பக்கமும் பால்கேன் கட்டிய டிவிஎஸ் 50 ஒன்று மீடியன் இடைவெளியில் குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. பிரேக்கில் ஏறி நின்றேன். வண்டி நின்றபோது அந்தப் பெரியவருக்கும் பம்பருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் இடம்தான் இருந்தது. பின்னால் முட்டை அட்டைகள் சரிந்த சத்தம் கேட்டது. காதில் ஓனர் இன்னும், "ஹலோ, கேக்குதா? அந்த ரெண்டாவது பில்லு எங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஓரமாக நிறுத்தி டீ குடிக்கும்போது பையன் சொன்னான்: "நீங்க அவரைப் பாத்துட்டீங்கன்னு நெனச்சேண்ணே. அந்தப் புளியமரத்துல இருந்தே அவரு கைய நீட்டிக்கிட்டு வந்தாரு. நீங்க நேரா அவரத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்க." அந்தப் பேச்சு இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. கண் அவர்மேல் இருந்திருக்கிறது. ஆள் மட்டும் எனக்குத் தெரியவில்லை.

இதற்குப் பிறகு ஆராய்ச்சியில் படித்ததையெல்லாம் இந்தச் சம்பவத்தோடு வைத்துத்தான் புரிந்துகொண்டேன். முதலில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். கனடாவின் டொரன்டோவில் ரெடெல்மெய்ர், டிப்ஷிரானி என்ற இருவர் 1997இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் முதலில் சொல்வது. மொபைல் வைத்திருந்து விபத்தில் சிக்கிய 699 டிரைவர்களின் போன் பில்லை வாங்கிப் பார்த்தார்கள். விபத்து நடந்த நேரத்தில் போன் பேசினாரா, அதே ஆள் முந்தின நாள் அதே நேரத்தில் பேசினாரா என்று ஒப்பிட்டார்கள். ஒருவரை அவரோடேயே ஒப்பிடுவதால், இவர் அவசரக்காரர், அவர் நிதானமானவர் என்ற வித்தியாசம் குறுக்கே வராது. போன் பேசும் நேரத்தில் விபத்து வாய்ப்பு சுமார் 4 மடங்கு என்று வந்தது. கையில் பிடிக்காத போன் வைத்திருந்தவர்களுக்கு ஒரு பாதுகாப்பும் கூடுதலாகத் தெரியவில்லை. 2005இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த 456 டிரைவர்களை வைத்துச் செய்த ஆய்விலும் ஏறத்தாழ அதே 4 மடங்கு. அங்கேயும் கையில் பிடிக்காமல் பேசும் ஹேண்ட்ஸ்ஃப்ரீக்கு 3.8 மடங்கு, கையில் பிடித்த போனுக்கு 4.9. இந்த இடைவெளியை வைத்து ஒன்று மற்றதைவிடப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்றார்கள். உலக சுகாதார நிறுவனமும் ஹேண்ட்ஸ்ஃப்ரீ பெரிய வித்தியாசம் செய்வதில்லை என்றுதான் சொல்லி வருகிறது.

ஏன் இப்படி? அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் என்பவரும் அவர் குழுவும் 2000க்குப் பிறகு இதை விடாமல் தோண்டினார்கள். கார் போலவே செய்த சிமுலேட்டரில் ஓட்டவிட்டு, டிரைவரின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்து அளந்தார்கள். வழியில் விளம்பரப் பலகைகள். ஓட்டி முடித்ததும் எந்தெந்தப் பலகையைப் பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசிக்கொண்டு ஓட்டியவர்கள், கண் நேராகப் பதிந்த பலகைகளையே அடையாளம் சொல்ல முடியாமல் விழித்தார்கள். கண் பார்த்தது, மூளை பதிவு செய்யவில்லை. நான் பால்காரரைப் பார்த்த பார்வை அதுதான். 2008இல் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் மூளையை ஸ்கேன் செய்துகொண்டே சிமுலேட்டர் ஓட்டவைத்தார்கள். காதில் வரும் வாக்கியங்கள் சரியா தவறா என்று யோசிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. வாய் திறந்து பேசக்கூட வேண்டியதில்லை. அதற்கே, இடத்தையும் தூரத்தையும் கவனிக்கும் மூளைப் பகுதியின் வேலை 37 சதவீதம் குறைந்தது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், போன் பேசும்போது பிரேக்குக்குக் கால் போவது சராசரியாகக் கால் விநாடி தாமதமாகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் கால் விநாடிக்கு வண்டி ஐந்தரை மீட்டர் போய்விடும். நம் ஊர் சின்னக் கார் ஒன்றின் நீளத்தைவிட அதிகம்.

பயிற்சி மைதானத்தில் இதை நானே காட்டுவேன். ரோட்டில் செய்ய மாட்டேன், யாரும் செய்யவும் கூடாது. கோன்கள் வைத்து 20 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றச் சொல்வேன். ஓரத்தில் நான் சிவப்பு, பச்சை, மஞ்சள் கொடிகளை மாற்றி மாற்றித் தூக்குவேன், டிரைவர் நிறத்தைச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு சுற்று எல்லோரும் பிரமாதமாகச் சொல்வார்கள். மூன்றாம் சுற்றில் என்னோடு வேலை செய்கிறவர் ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் கூப்பிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்பார். ஒன்றும் ஆகாது. அடுத்து, "உங்க வீட்டுக்கு மொத்தம் எத்தனை ஜன்னல்?" என்று கேட்பார். அந்த இடத்தில் பார்க்க வேண்டும். ஆள் மனசுக்குள் தன் வீட்டு வாசலில் நுழைந்து, ஒவ்வொரு அறையாகப் போய் எண்ண ஆரம்பிப்பார். கண் அசைவது நின்றுவிடும். மிரர் பக்கம் திரும்பாது. கொடியைத் தூக்கிக்கொண்டு நான் நிற்பேன், வண்டி என்னைக் கடந்து போகும். இருபது வருஷம் ஓட்டியவரும் இதில் தப்புவதில்லை. இது விஞ்ஞானச் சோதனை இல்லை, கண்ணால் பார்த்து உணர்வதற்காகச் செய்வது. ஆனால் இறங்கி வரும் டிரைவர் முகத்தில் தெரியும் மாற்றத்தை என் எந்தப் பேச்சும் உண்டாக்கியதில்லை.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். எல்லாப் பேச்சும் ஒரே எடை இல்லை. "கிளம்பிட்டேன், எட்டு மணிக்கு வந்துடுவேன்" என்பது வேறு. கடன், கணக்கு, சண்டை, அதிகாரியின் கேள்வி, வழி சொல்வது, இவையெல்லாம் வேறு. மனசுக்குள் படம் ஓடவைக்கும் பேச்சும், பதில் சொல்லியே ஆக வேண்டிய பேச்சும்தான் அதிகம் தின்னும். ஆபீஸ் போன் பெரும்பாலும் இந்த வகை. ரேடியோவில் பாட்டுக் கேட்பதை இதோடு சேர்க்க வேண்டாம். யூட்டா சோதனைகளில் ரேடியோ அப்படிப் பாதிக்கவில்லை. பாட்டு நம்மிடம் பதில் கேட்பதில்லை, ரோட்டில் ஏதாவது வந்தால் அதை அப்படியே காதில் விழாமல் விட்டுவிடலாம்.

ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பெரிய விபத்தெல்லாம் நடந்திருக்கிறதா என்று பயிற்சியில் யாராவது கேட்பார்கள். 2004 நவம்பரில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் அலெக்சாண்ட்ரியாவில் நடந்ததைச் சொல்வேன். பள்ளி மாணவர்கள் 27 பேரை ஏற்றிக்கொண்டு போன சுற்றுலா பஸ். வழியில் வளைவாகக் கட்டிய கல்பாலம். ஓரத்து லேனில் பாலத்தின் உயரம் பத்து அடியும் சொச்சமும், பஸ்ஸின் உயரம் 12 அடி. நடு லேனில் போயிருந்தால் பஸ் தாராளமாக நுழைந்திருக்கும். "உயரம் குறைவு" என்று முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகைகளும் இருந்தன. டிரைவர் ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசிக்கொண்டிருந்தார். பஸ் ஓரத்து லேனிலேயே போய் பாலத்தில் மோதியது. மாணவர்கள் 11 பேருக்குக் காயம், நல்லவேளை யாரும் சாகவில்லை. பலகைகளையும் பார்க்கவில்லை, பாலத்தையும் பார்க்கவில்லை என்றார் டிரைவர். அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து, போன் பேச்சால் மனசு சிதறியதே காரணம் என்று எழுதியது. பாலம் என்பது டிவிஎஸ் 50 மாதிரி திடீரென்று குறுக்கே வருகிற பொருள் இல்லை. அது பாட்டுக்கு அங்கேயே நிற்பது.

சரி, உங்கள் கணவரின் வாதத்துக்கு வருகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் மட்டும்? யூட்டா குழுவே 2013இல் மூளைக்கு ஏறும் சுமையை அளந்து பார்த்தது. ஒன்று முதல் ஐந்து வரையான அளவில் ரேடியோவுக்கு 1.21, ஹேண்ட்ஸ்ஃப்ரீ பேச்சுக்கு 2.27, பக்கத்தில் இருப்பவரோடு பேச்சுக்கு 2.33. அதாவது சுமை ஏறக்குறைய ஒன்றுதான். அந்த அளவில் அவர் சொல்வது சரி. இதை மறைத்துவிட்டுப் பேசினால் அவரோடு நேர்மையாகப் பேசியதாகாது.

ஆனால் சுமை வேறு, விளைவு வேறு. 2008இல் அதே குழு செய்த இன்னொரு சோதனையில், நெடுஞ்சாலையில் போய்க்கொண்டே ஓய்விடம் ஒன்று வரும்போது திரும்பி நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். போனில் நண்பரோடு பேசியவர்களில் பாதிப் பேர் அந்தத் திருப்பத்தைத் தவறவிட்டார்கள். அதே நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து பேசியபோது பெரும்பாலானவர்கள் சரியாகத் திரும்பினார்கள். காரணம் பேச்சைப் பதிவுசெய்து கேட்டால் தெரிகிறது. பக்கத்தில் இருப்பவர் ரோட்டைப் பார்க்கிறார். வண்டிகள் நெருங்கும்போது தானாகவே பேச்சைக் குறைக்கிறார், "இதோ வருது பாரு" என்கிறார், பேச்சையே போக்குவரத்தின் பக்கம் திருப்புகிறார். என் கிளீனர் பையன் செய்தது அதுதான். ஓனர் கெட்டவர் இல்லை, அவருக்கு ரோடு தெரியவில்லை, அவ்வளவுதான். தெரிந்திருந்தால் "பில்லு எங்க" என்று கேட்டிருப்பாரா?

இதை நேராகவே சோதித்தும் பார்த்துவிட்டார்கள். 2014இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், போனின் மறுமுனையில் இருப்பவருக்கு டிரைவரின் முகத்தையும் முன்னால் இருக்கும் ரோட்டையும் திரையில் காட்டினார்கள். அப்போது சிமுலேட்டர் விபத்துகள் நன்றாகக் குறைந்தன, பக்கத்து சீட்டில் ஆள் இருப்பதற்குக் கிட்டத்தட்ட சமமாக வந்தது. போன் அதே போன்தான். மறுமுனையில் இருப்பவருக்குக் கண் கிடைத்ததுதான் வித்தியாசம். எனக்கு இந்த ஆய்வுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. பக்கத்து சீட் எப்போதும் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. புதிதாக ஓட்டும் பிள்ளைகளின் காரில் அதே வயசுப் பிள்ளைகள் ஏறினால் விபத்து கூடுகிறது என்பது உறுதியான விஷயம். அங்கே யாரும் ரோட்டைப் பார்ப்பதில்லை.

இனி சந்தேகத்துக்கு இடமுள்ளது. அந்த "4 மடங்கு" என்ற எண்ணை நான் வகுப்பில் கல்வெட்டு மாதிரி சொல்வதில்லை. முந்தின நாள் அதே நேரத்தில் அந்த ஆள் உண்மையிலேயே வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாரா என்பது போன் பில்லில் தெரியாது. ஓட்டவில்லை என்றால் கணக்கு வீங்கிவிடும். டொரன்டோ ஆய்வாளர்கள் இதற்கு ஒரு திருத்தம் செய்தார்கள்தான், ஆனால் அது போதாது என்ற விமர்சனம் இருக்கிறது. அமெரிக்காவில் சில போன் திட்டங்களில் இரவு 9 மணிக்கு மேல் பேச்சு இலவசம் என்று இருந்த காலத்தை வைத்து இருவர் ஆராய்ந்தார்கள். 9 மணி அடித்ததும் ரோட்டில் இருப்பவர்களின் அழைப்புகள் சட்டென்று கூடின, விபத்துகள் கூடவில்லை. வர்ஜீனியாவில், லாரிகளில் கேமரா பொருத்தி மாதக்கணக்கில் பதிவுசெய்த ஆய்வு 2009இல் வந்தது. மெசேஜ் அடித்தால் ஆபத்து 23 மடங்கு, ஆனால் ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசும்போது ஆபத்து கூடவில்லை, குறைந்தே இருந்தது.

இதைப் படித்ததும் முதலில் எனக்குக் குழப்பமாக இருந்தது. யோசித்தால் லாரி ஓட்டியவனுக்குப் புரிகிற விஷயம்தான். பேசும்போது டிரைவர் வேகத்தைக் குறைக்கிறார், முன் வண்டிக்கு இடம் விடுகிறார், ஓவர்டேக் செய்வதைத் தள்ளிப்போடுகிறார். இது சிமுலேட்டரிலும் தெரிகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு, கண் சொக்கும் நேரத்தில் ஒருவர் போனில் பேசினால் தூக்கம் கொஞ்சம் விலகும், உண்மைதான். மேலும் அங்கே எண்ணியதில் பெரும்பகுதி மோதல் இல்லை, மோதல் வரை போய்த் தப்பியது, கோட்டைத் தாண்டியது போன்றவை. என் கணிப்பு இது: பேசிக்கொண்டே ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் பயங்கரம் இல்லை. வழக்கமான ஓட்டத்தைப் பாதி மனசோடு ஓட்டிவிடலாம். கியர், பிரேக், வளைவு எல்லாம் உடம்பே செய்துவிடும். எதிர்பாராதது வரும் அந்த இரண்டு விநாடிக்குத்தான் முழு மனசும் வேண்டும். அப்போது அது ஈரோட்டிலும் இல்லை, கோவையிலும் இல்லை, ஆபீஸ் கணக்கில் இருக்கும். "பத்து வருஷமா பேசிக்கிட்டுதான் ஓட்டறேன், ஒண்ணும் ஆகல" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த இரண்டு விநாடி இன்னும் அவர்களுக்கு வரவில்லை, அல்லது வந்தபோது எதிரே வந்தவர் ஒதுங்கிக்கொண்டார்.

ஹேண்ட்ஸ்ஃப்ரீயால் ஒரு பயனும் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். போனைத் தேடுவது, எடுப்பது, நம்பர் அடிப்பது, இவைதான் கண்ணை ரோட்டிலிருந்து பிடுங்குபவை. அமெரிக்காவில் 3,500 பேருக்கு மேல் தங்கள் கார்களில் கேமராவோடு ஓட்டிய பெரிய ஆய்வு 2016இல் வெளியானது. கையில் வைத்து நம்பர் அடிப்பது ஆபத்தைச் சுமார் 12 மடங்காக்குகிறது, போனைக் கையில் பிடித்துப் பேசுவது 2 மடங்குக்குச் சற்று மேல் என்று அதில் வந்தது. அந்த 12 மடங்கை ஹேண்ட்ஸ்ஃப்ரீ குறைக்கும், நல்லதுதான். அதனால் உங்கள் கணவர் போனைக் கையில் எடுப்பதில்லை என்பதை முதலில் பாராட்டுங்கள். ஆனால் வாயால் சொல்லி மெசேஜ் அனுப்புவது, திரையிடம் பாட்டு மாற்றச் சொல்வது இவற்றை "கையே படலையே" என்று நினைக்க வேண்டாம். நான் சொன்ன 2013 அளவில், வாயால் சொல்லி மெசேஜ் அனுப்புவதற்கு 3.06, பேச்சைவிட அதிகம். சொல்லி முடித்த பிறகும் மனசு ரோட்டுக்கு முழுசாகத் திரும்ப 27 விநாடி வரை ஆகலாம் என்று 2015இல் அளந்திருக்கிறார்கள். சிவப்பு சிக்னலில் நின்று சொல்லிவிட்டுப் பச்சையில் கிளம்பினால், அந்தச் சந்திப்பைத் தாண்டும்போதும் மனசு பாதி அங்கேயேதான்.

இவை எல்லாமே கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா. அங்கே லேனில் போவார்கள், எதிர்த்திசையில் வண்டி வராது. நம் ரோட்டுக்கு இந்த எண்களை அப்படியே ஒட்டவைக்க முடியாது. ஆனால் நம் சர்வீஸ் ரோட்டில் ராங் சைடில் வரும் பைக், மீடியனைத் தாண்டிக் குதிக்கும் ஆடு, விளக்கில்லாமல் நிற்கும் டிராக்டர் டிரெய்லர் இவற்றைப் பார்த்தால், எதிர்பாராத விநாடிகள் இங்கே அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மத்திய அரசின் விபத்து அறிக்கையில் 2022க்கு, மொபைல் பயன்படுத்தியதால் 3,395 பேர் இறந்ததாக இருக்கிறது. அந்த ஆண்டு சாலையில் இறந்த 1,68,491 பேரில் இது 2 சதவீதம். அந்த எண் சிறியது என்று நிம்மதி அடைய வேண்டாம். போலீஸ் எழுதுவதிலிருந்து வரும் கணக்கு இது. ப்ளூடூத்தில் பேசிக்கொண்டிருந்தேன் என்று மோதிவிட்டு யார் சொல்வார்கள்? கையில் போனே இல்லாதபோது பார்த்தவர்களுக்கும் தெரியாது.

சட்டம் பற்றியும் கேட்பீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவியைத்தான் ஆபத்தான ஓட்டுதல் என்று சேர்த்திருக்கிறார்கள். முதல் முறைக்கு அபராதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை, சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. ஹேண்ட்ஸ்ஃப்ரீ அந்த வார்த்தையில் அடங்காது. பிரிட்டனிலும் 2003 டிசம்பரிலிருந்து கையில் பிடிப்பதற்குத்தான் தடை. 2019இல் நாடாளுமன்றப் போக்குவரத்துக் குழு ஹேண்ட்ஸ்ஃப்ரீயையும் தடைசெய்வது பற்றி யோசிக்கச் சொன்னது. சட்டம் ஹேண்ட்ஸ்ஃப்ரீயை விட்டுவைப்பதற்குக் காரணம் அது பாதுகாப்பு என்பது இல்லை. காதோரம் இருக்கும் கை போலீஸ் கண்ணுக்குத் தெரியும், மனசு எங்கே இருக்கிறது என்பது தெரியாது. பைக் ஓட்டுகிறவர்கள் ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு பேசுவது இதைவிட மோசம். பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் காதில் விழாது, மோதினால் கவசமாக இரும்பும் இல்லை.

இனி நீங்கள் என்ன செய்யலாம்? "பேசவே கூடாது" என்று சண்டை போடுவதால் பலன் வராது என்பது என் அனுபவம். லாரி ஆபீஸ்களில் நான் முதலில் டிரைவர்களைத் திருத்தப் பார்த்தேன், நடக்கவில்லை. ஓனர் கூப்பிட்டால் டிரைவர் எடுக்காமல் இருக்க முடியுமா? பிறகு ஓனர்களையும் புக்கிங் ஆபீஸ் பையன்களையும் உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தேன். வண்டி ஓடும்போது டிரைவரைக் கூப்பிடாதீர்கள், டோல்கேட் தாண்டி நிறுத்தியதும் அவரே கூப்பிடுவார், அதுவரை பொறுங்கள் என்றேன். அவசரம் என்றால், எடுத்ததும் முதல் கேள்வி "எங்க இருக்க?" என்று இருக்க வேண்டாம், "ஓடுதா, நிக்குதா?" என்று இருக்கட்டும். ஓடுகிறது என்றால் "நிறுத்திட்டுக் கூப்பிடு" என்று வைத்துவிட வேண்டும். இதைப் பிடித்துக்கொண்ட ஆபீஸ்களில் டிரைவர்களிடம் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆகவே உங்கள் கணவரின் ஆபீஸில் அவரை அடிக்கடி கூப்பிடுகிற இரண்டு மூன்று பேர் யார் என்று கேளுங்கள். காலை 8 முதல் 10 வரை ஓட்டுகிறேன், 10 மணிக்கு நானே கூப்பிடுகிறேன் என்று அவர்களிடம் ஒரு முறை சொல்லச் சொல்லுங்கள். வழியில் டீக்கு நிறுத்தும் இடத்தில் பத்து நிமிஷம் போனுக்கு என்று ஒதுக்கினால் பெரும்பாலான வேலை அங்கேயே முடிந்துவிடும். தவறாமல் பேச வேண்டிய சின்ன விஷயம் வந்தால் ஒரே வரியில் முடிக்கட்டும். நீங்களும் அவர் ஓட்டும் நேரத்தில் கூப்பிட்டால் முதலில் "ஓடுதா?" என்று கேளுங்கள். மறுமுனையில் நீங்கள் இருக்கும்போது அவர் முன்னால் வருவது உங்களுக்கும் தெரியாது.

அவர் இன்னும் நம்பவில்லை என்றால், அடுத்த முறை கோவை போகும்போது பக்கத்தில் உட்காருங்கள். ஒன்றும் பேசாமல், பத்து நிமிஷத்தில் அவர் கண் மூன்று மிரர்களுக்கும் எத்தனை முறை போகிறது என்று எண்ணுங்கள். ஆபீஸ் போன் வரும், அப்போதும் எண்ணுங்கள், ரோட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு எண்ணையும் வீட்டுக்கு வந்த பிறகு சொல்லுங்கள், காரில் வேண்டாம்.